புலிக்குப் பேர் கிடையாது

எழுபத்தாறு வயதில் புலியாட்டம் கற்றுக்கொள்ள ஆக்லாந்திலிருந்து சென்னைக்குப் போகிறேன் என்றதும் என் மகன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் மருத்துவரைப் பார்க்கலாமா என்றான். உண்மையான காரணத்தைச் சொன்னபோது அவனுக்குக் கோபம் வந்தது. "முப்பது வருஷத்துக்கு முன்னால நடந்ததை இப்போ யாருப்பா கேட்டா?" என்றான். யாரும் கேட்கவில்லைதான். அந்த வசதியில்தான் இத்தனை காலம் சொல்லாமல் இருந்துவிட்டேன். அனுபவித்தது போதும் என்று கிளம்பினேன்.

காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை ஒளித்துவைத்தால் அதுவும் ஒரு தந்திரமாகிவிடும்.

எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையின் டைம் ஆபீசில் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தேன். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார்கள், எப்போது வெளியே போனார்கள் என்று குறிப்பது என் வேலை. ஒரு வருடம் கதவடைப்பு வந்தது. ஆயுத பூஜையன்று கேட்டுக்கு வெளியே ஒரு புலி வந்து ஆடியது. உடம்பெல்லாம் மஞ்சளும் கறுப்பும். தலையில் காகிதக்கூழ் முகமூடி. ஆட்டத்தின் உச்சத்தில் அது கேட்டில் ஒட்டியிருந்த கதவடைப்பு நோட்டீசைக் கிழித்து, கசக்கி, முகமூடியின் வாய்க்குள் திணித்துக்கொண்டது. வெளியே நின்ற தொழிலாளிகள் போட்ட விசில் மாடி வரை கேட்டது. ஜன்னலருகே நின்ற மேலாளர், "யார் அந்தப் புலி?" என்றார்.

"ஏழுமலை சார்" என்றேன்.

என்னை யாரும் மிரட்டவில்லை. பதவி உயர்வு தருவதாகவும் யாரும் சொல்லவில்லை. முகம் தெரியாவிட்டாலும் நடையை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவேன் என்ற என் கெட்டிக்காரத்தனத்தை அவர் பார்க்கவேண்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான். பழுக்கக் காய்ந்த இரும்பை எண்ணெயில் முக்குகிற பிரிவில் ஏழுமலைக்கு வேலை. அங்கே தரை எப்போதும் வழுக்கும். அந்தப் பிரிவு ஆட்கள் காலை ஊன்றுமுன் கட்டைவிரலால் தரையைத் தட்டிப் பார்ப்பார்கள். மற்றவர்கள் ஒரு தட்டு, ஏழுமலை இரண்டு. அன்று காய்ந்த தார் ரோட்டிலும் அந்தப் புலி தட்டு, தட்டு என்று இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் கால் வைத்தது.

கதவு திறந்தபோது எல்லோரையும் உள்ளே எடுத்தார்கள், ஏழுமலையைத் தவிர. அந்த உத்தரவில் அவருடைய டோக்கன் எண் சரியா என்று பார்த்துக் கையெழுத்துப் போட்டவனும் நான்தான். இதை நான் மறந்ததே இல்லை. ஆனால் இதில் இன்னொருவரும் சிக்கியிருந்தார் என்பது எனக்கு இந்த ஆண்டுதான் தெரிந்தது.

பழைய சக ஊழியர் ஒருவர் கைப்பேசியில் ஒரு வீடியோ அனுப்பினார். திருவொற்றியூரில் மூன்று நாள் நாட்டுப்புறக் கலைவிழா, யார் வேண்டுமானாலும் வந்து ஆடக் கற்கலாம் என்ற அழைப்பு. அதில் ஏழுமலையின் மகள் கஸ்தூரி பேசினாள். "எங்கப்பாவுக்கு புலி எழுதினவனே ஆபீஸ்ல போய் காட்டிக் குடுத்தான். அன்னிலேர்ந்து வெளியாள் கை எங்க மேல படறதில்ல. நாங்களே எழுதிக்கறோம்" என்றாள். உடம்பில் புலிக்கோடு வரைவதைத்தான் எழுதுவது என்பார்கள்; எழுதினவர் காதர் பாய். படகிலும் எங்கள் தொழிற்சாலை லாரிகளிலும் பெயர் எழுதுகிற பெயின்டர். நான் செய்ததை முப்பது வருடமாக அவர் தலையில் சுமந்துகொண்டிருந்திருக்கிறார்.

முதல் நாள் மெட்ரோவில் போனால் விம்கோ நகர் வரை குளிரக் குளிரப் போகலாம் என்றார்கள். வீம்புக்குப் பழைய மின்சார ரயிலில் ஏறினேன். அது பேசின் பிரிட்ஜில் நின்றது. ஆக்லாந்தில் ரயில் மூன்று நிமிடம் தாமதித்தால் ஒரு பெண் குரல் மன்னிப்புக் கேட்கும். இங்கே இருபது நிமிடமாகியும் ஒரு குரலும் வரவில்லை. யாரும் எதிர்பார்த்ததாகவும் தெரியவில்லை. எதிரே இரண்டு மீன்காரப் பெண்கள் காலி அன்னக்கூடைகளைக் காலடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"இன்னாமே, குந்திகிச்சா?" என்றாள் ஒருத்தி.

"இங்க குந்தாம எங்க குந்தும்? இதுக்கு பேசின் பிரிட்ஜ்தான் மாமியார் வூடு. விருந்து துன்னுட்டு வரும்" என்றாள் மற்றவள். பிறகு என் பக்கம் திரும்பி, "நீ எங்க போவணும் நைனா?" என்று கேட்டாள்.

"திருவொற்றியூர். புலியாட்டம் கத்துக்க."

அவள் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். "ஆடு நைனா. வண்டிதான் ஆட மாட்டேங்குது, நீயாவது ஆடு."

பெட்டியே சிரித்தது. நானும் சிரித்தேன். என் அப்பா தெற்கிலிருந்து வந்து ராயபுரத்தில் பலசரக்குக் கடை வைத்தவர். கடைக்கு வருகிறவர்கள் மாதிரிப் பேசினால் எனக்கு அடி விழும். அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டே வளர்ந்து, அதைப் பேசுகிறவர்களை விட ஒரு படி மேலே நிற்கிறோம் என்று நம்பியவன் நான். அந்த மாடி ஜன்னலில் நின்றவனும் அவன்தான்.

விழா ஒரு பள்ளி மைதானத்தில் நடந்தது. ஒரு மூலையில் பறை, ஒரு மூலையில் கையில் துணி பிடித்து வரிசையாக ஒயிலாட்டம், நடுவில் சிலம்பம். ஆக்லாந்திலும் இப்படி விழாக்கள் உண்டு. புல்தரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கைதட்டிவிட்டு வீடு திரும்பலாம். இங்கே உட்கார இடமே வைக்கவில்லை. பறைச்சத்தம் வயிற்றில் போய் இடித்தது. புலியாட்டம் ஷாமியானாவின் கடைசியில். கல்லூரிப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேரோடு போய் நின்றேன். சொல்லிக்கொடுப்பவள் கஸ்தூரி.

"இன்னா பெர்சு, பேத்திய வுட வந்தியா?"

"நானே கத்துக்க வந்தேன்மா."

"முட்டி எப்டி?"

"ரெண்டும் வலிக்கும்."

"அப்ப ரெண்டு பக்கமும் சமமா ஆடுவ. வா."

முதுகை வளைக்க, கழுத்தைச் சிலுப்ப, விரல்களை நகமாக மடக்கச் சொல்லிக்கொடுத்தாள். பிறகு கால். "புலி சும்மா கால வெக்காது. தரைய கேக்கும். தட்டு, தட்டு, அப்பால வை. இது எங்கப்பா அடி. எண்ணெ அடின்னு பேரு. இப்ப எல்லா குழுவும் ஆடறான், யாருதுன்னு எவனுக்கும் தெரியாது."

எனக்குத் தெரியும். என் கால் எழவில்லை. ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் கைத்தடியோடு உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கஷ்டப்பட்டு ஒரு அடி வைத்தேன். "பெர்சு, ரெண்டாவது தட்டு லேட்டு" என்றார். குரலில்தான் அவர் ஏழுமலை என்று தெரிந்தது. வேலை போன பிறகு சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் சுமைத் தொழிலாளியாக இருந்திருக்கிறார். கம்பிக்கட்டு சரிந்து இடது கால் முடங்கிப்போயிற்று என்று பக்கத்தில் நின்ற பெண் சொன்னாள். நடையை வைத்து ஆளைச் சொல்பவனுக்கு, இப்போது சொல்வதற்கு அவரிடம் நடையே மிச்சமில்லை. அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.

இடைவேளையில் ஒரு மாணவன், "மேக்கப் யார்க்கா போடுவாங்க?" என்று கேட்டான்.

"மேக்கப்பு இல்லடா. எழுதறது" என்றாள் கஸ்தூரி. "எழுதிட்டா அப்பால புலிக்கு பேர் கிடையாது. பெத்த தாயே வந்தாலும் பேர் சொல்லிக் கூப்பிடக்கூடாது. உள்ள யாருன்னு எழுதினவனுக்குத்தான் தெரியும். அவன் வாயத் தொறந்தா வேஷம் செத்துச்சு. எங்கப்பாவுக்கு எழுதினவன் தொறந்தான்."

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. முட்டி வலிக்கிறது என்று வெளியே வந்து, வண்ணாரப்பேட்டைக்கு ஆட்டோ பிடித்து, ஒரு தட்டு அத்தோவும், அவித்த முட்டையில் வெங்காயம் அடைத்த பேஜோ இரண்டும் சாப்பிட்டேன். பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் கொண்டுவந்த அந்த அத்தோ நூடுல்சைப் புளித்தண்ணீரோடும் வறுத்த வெங்காயத்தோடும் அங்கே பிசைந்து தருவதுபோல் எங்கும் தரமாட்டார்கள். ருசியாகத்தான் இருந்தது. குற்ற உணர்வில் சோறு இறங்காது என்பதெல்லாம் என் விஷயத்தில் பொய். முப்பது வருடமாக எனக்கு நன்றாகவே இறங்கியிருக்கிறது.

இரண்டாம் நாள் காலை காதர் பாயைத் தேடிப் போனேன். காசிமேட்டைத் தாண்டித் துறைமுகச் சாலையில் அவர் ஷெட் என்று சொன்னார்கள். சாலை முழுக்கக் கன்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. ஆட்டோக்காரர் என்ஜினை அணைத்துவிட்டு, "இது நவுந்தா உனக்கு கொள்ளுப் பேரனே பொறந்துடுவான் சார். எறங்கி நட" என்றார். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் டீசல் புகை. இரண்டுக்கும் நடுவே ஒன்றரை கிலோமீட்டர் நடந்தேன்.

தகரக் கூரையின் கீழ் ஒரு லாரியின் பின்கதவில் தாமரை வரைந்துகொண்டிருந்தார். வெள்ளைத் தாடி, கட்டம்போட்ட லுங்கி, கைகளில் நடுக்கம் இல்லை. நான் யார் என்று சொன்னேன். மேலாளரிடம் நான் சொன்ன பெயரையும், ஆளைக் கண்டுபிடித்த விதத்தையும் சொன்னேன். அவர் திரும்பவில்லை. அந்த இதழை முழுசாக முடித்தார்.

"நடைய வெச்சா?" என்றார்.

"ஆமாம் பாய்."

"நா யோசிக்காத ஆளு இல்ல சார். வாட்ச்மேன யோசிச்சேன். டீக்கடைக்காரன யோசிச்சேன். எங்கூட்டுக்காரியக்கூட ஒரு நாள் யோசிச்சேன். உன்ன யோசிக்கல. நீ நல்லவன். எல்லாருக்கும் லீவ் லெட்டர் எழுதிக் குடுப்ப." பிரஷைத் துடைத்தார். "ஒவ்வொரு பக்ரீத்துக்கும் ஏழுமல வூட்டுக்கு பிரியாணி போவும். அந்த வருசமும் அனுப்பினேன். டப்பா தொறக்காம திரும்பி வந்துச்சி. அப்புறம் ஒரு புலி என் கைல எழுதிக்கல சார். எந்தக் குழுவும் கூப்பிடல."

"என்னை மன்னிச்சிடுங்க பாய்."

"எனுக்கு ஏன் சொல்ற? நா சொல்லலன்னு எனுக்குத் தெரியாதா? தெரியாதவன்கிட்ட போய் சொல்லு."

"நீங்களும் கூட வந்தா..."

"வரமாட்டேன்." அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார். "தப்பு பண்ணாதவன் எதுக்கு சார் நடந்து போவணும்? அவன் வரட்டும் இங்க."

திரும்பி வரும்போது மகன் கூப்பிட்டான். அப்பா, பேசாமல் ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு வாருங்கள், யாராவது ஏதாவது செய்துவிடுவார்கள் என்றான். செய்யட்டும் என்று சொல்லிக் கைப்பேசியை அணைத்தேன். இந்த வயதில் அவர்கள் என்னிடமிருந்து எதை எடுத்துவிட முடியும்?

மூன்றாம் நாள் சாயங்காலம் ஊர்வலம். காலையிலேயே புலிகளுக்கு எழுதத் தொடங்கியிருந்தார்கள். நாலைந்து பேர் கால்களை அகட்டி, பக்கவாட்டில் நட்ட கொம்புகளில் கைகளைத் தாங்கி நின்றார்கள். பெயின்ட் காயும்வரை கையை மடக்கக்கூடாது, உட்காரவும் கூடாது. கஸ்தூரி எழுதிக்கொண்டிருந்தாள். கோடுகள் கோணலாக இருந்தன. அவள் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. அல்லது கவலைப்படாததுபோல் இருந்தாள்.

நான் ஏழுமலையின் நாற்காலிக்கு முன்னால் போய் நின்றேன்.

"நான் செல்வராஜ். டைம் ஆபீஸ். அன்னைக்கு உங்க பேரை மேனேஜர்கிட்ட சொன்னது நான். காதர் பாய் இல்ல."

பறை நின்றது. விழாக் குழுவைச் சேர்ந்த ஒரு கண்ணாடிக்காரர் ஓடி வந்து என் தோளைத் தொட்டார். "சார், இதெல்லாம் ஆபீஸ் ரூம்ல தனியா பேசிக்கலாம், வாங்க."

கையைத் தட்டிவிட்டேன். "தனி ரூம்ல சொல்லித்தான் கெடுத்தேன். இதை இங்கதான் சொல்வேன்." இன்னும் உரக்க, எல்லோருக்கும் கேட்கும்படி, முதலிலிருந்து கடைசிவரை சொன்னேன். ஜன்னல், கேள்வி, பதில், கையெழுத்து. என் வாழ்க்கையில் நான் குரலை உயர்த்திப் பேசிய முதல் பேச்சு அது.

கஸ்தூரி பிரஷோடு பாய்ந்து வந்தாள். மஞ்சள் பெயின்ட் என் சட்டையில் தெறித்தது. "யோவ்! முந்தாநேத்து எங்கப்பா அடியவே என்கிட்ட கத்துகினு, எதிர்லயே குந்திகினு இருந்தியா? வெக்கமா இல்ல? வெளிய போ!"

"வெக்கமாத்தான் இருக்கு. போகமாட்டேன்" என்றேன்.

ஏழுமலை கைத்தடியை உயர்த்தினார். அடிப்பார் என்றே நினைத்தேன். மகளைத்தான் தடுத்தார். "எப்டி கண்டுபுடிச்ச?" என்று என்னிடம் கேட்டார்.

ஆடிக் காட்டினேன். தட்டு, தட்டு, கால். இந்த முறை இரண்டாவது தட்டு தாமதிக்கவில்லை.

அவர் என் காலையே பார்த்தார். "பாய் சொல்லல" என்றார், யாரிடமும் இல்லாமல். பிறகு, "டப்பாவ நாந்தான் திருப்பி அனுப்பினேன். கஸ்தூரி அப்ப சின்னப் பொண்ணு, பிரியாணி வாசனைக்கு அழுவுது. தொடாதன்னு அடிச்சேன்." அவர் எழுந்து நின்றார். "வண்டி கூப்டு."

ஆட்டோவில் நாங்கள் மூவரும் காதர் பாய் ஷெட்டுக்குப் போனோம். நான் ஓட்டுநருக்குப் பக்கத்தில் பாதி உடம்பு வெளியே தொங்க உட்கார்ந்திருந்தேன். அன்றும் லாரி வரிசை நின்றது. கடைசி முந்நூறு அடியை ஏழுமலை தடியூன்றி நடந்தார். கஸ்தூரி பிடிக்கப் போனபோது கையை உதறினார்.

காதர் பாய் எங்களைப் பார்த்தும் பார்க்காததுபோல் டப்பாவில் பெயின்ட் கலக்கிக்கொண்டிருந்தார். ஏழுமலை சட்டையைக் கழற்றி மகளிடம் கொடுத்தார். சாலையைப் பார்த்துத் திரும்பி, முதுகைக் காதர் பாய்க்குக் காட்டி நின்றார். புலி எழுதும்போது பிரஷ் முதலில் முதுகில்தான் படும். எழுதிக்கொள்பவனால் பார்க்க முடியாத இடம் அது.

"எழுது பாய்."

"எழுதமாட்டேன். என் சோத்த திருப்பி அனுப்பினவன் நீ."

"ஆமா. அனுப்பினேன்."

"முப்பது வருசம் என்ன ஒரு வார்த்த கேட்டியா? நீ சொன்னியாடான்னு மூஞ்சிக்கு நேரா கேட்டியா?"

"கேக்கல."

"போய் உம் பொண்ணுகிட்ட எழுதிக்கோ."

"அவ கோடு கோணலா போடறா" என்றார் ஏழுமலை.

"அப்பா!" என்றாள் கஸ்தூரி.

"நீ எழுதற வரைக்கும் இப்டியேதான் நிப்பேன் பாய். கால் ஒண்ணுதான் நல்லா கீது. எவ்ளோ நேரம் தாங்கும்னு பாக்கலாம்."

உச்சி வெயில். லாரிகளின் சூடு வேறு. ஏழுமலை ஒற்றைக் காலில் எடையைத் தாங்கி நின்றார். தொடை துடித்தது. காதர் பாய் பெயின்டைக் கலக்கிக்கொண்டே இருந்தார். பத்து நிமிடம் போயிருக்கும். "ஒத்தக் கால் புலிக்கு வீம்பப் பாரு" என்றார். பிரஷை மஞ்சளில் முக்கி எழுந்துவந்தார். முதல் இழுப்பு கழுத்திலிருந்து இடுப்புவரை ஒரே கோடாக இறங்கியது. ஏழுமலையின் முதுகு சிலிர்த்தது. கஸ்தூரி அவர் சட்டையை முகத்தில் வைத்துக்கொண்டாள்.

ஷெட்டில் கை தாங்கக் கொம்பு எதுவும் இல்லை. காதர் பாய் ஒரு மூங்கிலை எடுத்து என்னிடம் நீட்டினார். "நீ புடி. அவன் கை கீழ வரக்கூடாது. உன் கை வலிச்சா அது உன் பேஜாரு."

மன்னித்துவிட்டதாக யாரும் சொல்லவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை. மூங்கிலை இரு கைகளாலும் தூக்கிப் பிடித்தேன். ஏழுமலையின் வலது கை அதன்மேல் கனத்து இறங்கியது. மறு முனையைக் கஸ்தூரி பிடித்தாள், என்னைப் பார்க்காமல். மஞ்சள் காய்ந்தது. கறுப்பு ஏறியது. என் தோள்கள் எரிந்து, நடுங்கி, பிறகு எனக்குச் சொந்தமில்லாதவை ஆயின. இறக்கவில்லை. கடைசியாக அவர் முகத்தில் மீசைக் கோடுகள் விழுந்தபோது அங்கே ஏழுமலை இல்லை.

வரிசையில் நின்ற ஒரு கன்டெய்னர் லாரியிலிருந்து ஓட்டுநர் பாதி உடம்பை வெளியே நீட்டி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துத்தான் கத்தினார்.

"பெர்சு! யாரு அந்தப் புலி?"

காதர் பாயின் பிரஷ் நின்றது. ஷெட்டுக்கு வந்தபின் கஸ்தூரி முதல்முறையாக என் முகத்தை நேராகப் பார்த்தாள். புலி அசையவில்லை.

மூங்கிலை இன்னும் ஒரு விரற்கடை உயர்த்திப் பிடித்தேன்.

"தெரியாதுப்பா" என்றேன்.